பொறி காணும் பொறி

தமிழ் மொழியில் ‘பொறி’ என்னும் சொல் பல பொருள் தருவது. நெருப்பினின்று தெறித்து விழும் சிறு துகளைப் பொறி என்பர். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் ஐம்பொறிகள் எனப்படும். மனிதன் தன் வேலையை எளிதாக்கிக்கொள்ள அமைத்த இயந்திரமும் பொறியே; எலியை அகப்படுத்தும் கருவிக்கும் அதுவே பெயர். இந்நான்கு பொருளும் ஒன்றுகூடி நிற்கும் கருவி ஒன்று இக்காலத் தொழிற்சாலைகளில் உண்டு. அது நெருப்புப் பொறியைக் கண்போற் காண்கின்றது. இயந்திரமாய் நின்று இமைப்பொழுதில் தொழிற்படுகின்றது. கண்ட பொறியைத் தப்பவிடாது பிடித்து அவிக்கின்றது. தூசி மிகுந்த ஆலைகளில் உழைப்போரின் உயிருக்கு அது ஒரு காவல். அது தோன்றவேண்டிய காரணத்தையும், அது வேலை செய்யும் முறையையும், அதனால் ஆகாதது யாது என்பதனையும் அறிந்துகொள்ளுதல் மாணவர்க்குப் பயன் தரும்.

சிறு பொறி பெருந்தீயாகும் என்பதை மலைவாழ் மக்கள் நன்கு அறிவர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களிற் பரவிக் கிடக்கின்றது. திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் செல்வோர் அடையும் ஊர்களுள் புதூர்நாடு ஒன்று. அதனை அடுத்து நெல்லிவாசல்நாடும் புங்கம்பட்டுநாடும் உள்ளன. அங்கு வாழ்வோருட் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பெயருடைய பழங்குடி மக்கள். சாமையும் கேழ்வரகும் அவர்கள் நிலத்தில் விளைகின்றன. புளி, கடுக்காய், தேன் முதலியன காட்டிற் கிடைக்கின்றன. காடு அவர்களுக்கு அண்டை வீடு போன்றது. அதற்கு வரும் கேடு அவர்களுக்கும் கேடாகும்.

அம்மலையின் மரங்களிற் பெரும்பாலானவை கோடைக்கு முன்னரே இலையுதிர்ப்பன. மாசி பிறந்ததும் காட்டின் தரை முழுவதும் சருகு மெத்தையாகிவிடும். புல்லும் காய்ந்து வைக்கோலாக நிற்கும். அவ்வேளையில் வழிப்போக்கர் ஒருவர் அணைக்காது எறிந்த பீடித்துண்டு ஒன்றே போதும். முதலில் ஒரு சருகு கருகும். பிறகு அதன் ஓரம் சிவக்கும். காற்று ஒரு முறை வீசினால் சுடர் எழும். சருகு கருகும்போது காலால் மிதித்து அணைக்கலாம். சுடர் இடுப்பளவு எழுந்தபின் பத்துப்பேர் பச்சைத் தழை கொண்டு அடிக்கவேண்டும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடத் தொடங்கிவிட்டால் பத்துப்பேராலும் ஆவதில்லை. தீ ஒன்றே, அதனைக் கண்ட காலந்தான் வேறு.

ஆதலின், காட்டைக் காப்போர் இரண்டு செயல்களைச் செய்கின்றனர். தீப் பரவாதபடி சருகையும் புல்லையும் அகற்றி, அகன்ற பாதைபோலத் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பது ஒன்று. தீயை விரைவிற் காண்பது மற்றொன்று. முற்காலத்தில் உயர்ந்த இடத்தில் நின்று புகை எழுகின்றதா என்று பார்ப்பதே வழியாக இருந்தது. இன்று வானிலிருந்தும் அக்காவல் நடைபெறுகின்றது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைத் துணைக்கோள்கள் கண்ட தீயிடங்களை 2004 ஆம் ஆண்டு முதல் மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகின்றது. துணைக்கோளிலுள்ள கருவிகளுள் ஒன்று நிலப்பரப்பை 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து நோக்குகின்றது. ஒரு கட்டம் தன்னைச் சூழ்ந்த கட்டங்களினும் மிகுந்த வெப்பக் கதிர்களை வெளிவிடுமாயின், அங்கே தீ உண்டு என ஐயுறப்படுகின்றது. எரிபொருளை அகற்றுதல், தீயை முற்படக் காணுதல் என்னும் இவ்விரண்டு வழிகளே ஆலைகளிலும் கைக்கொள்ளப்படுகின்றன. ஆனால் காட்டிலில்லாத கடுமை ஒன்று ஆலையில் உண்டு. காட்டுத்தீ மலையேறச் சில மணி நேரமாவது ஆகும். ஆலையின் தூசியிற் பற்றிய தீயோ ஒரு நொடியிற் கட்டடத்தையே தகர்க்கும்.

தூசிக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? சாமையைக்கொண்டே இதனை விளக்கலாம். சாமை, நெல்லைப்போன்று உமி போர்த்த தானியம். உரலிலிட்டு உலக்கையாற் குற்றினாலும், இயந்திரத்திலிட்டு அரைத்தாலும், உமியும் தவிடும் நுண்பொடியும் பறக்கும். ஒரு கைப்பிடிச் சாமையை அடுப்பிலிட்டால் அது மெல்லக் கருகுமேயன்றிக் குப்பென்று எரியாது. தீ, பொருளின் மேற்பரப்பில் மட்டுமே காற்றைச் சந்திக்கின்றது. மேற்பரப்பு மிகுந்தால் எரியும் வேகமும் மிகும்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மரத்துண்டு ஒன்றைக் கருதுக. அதற்கு ஆறு முகங்கள். ஆகவே மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பக்கம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகும்வரை அரைத்தால், துகள்களின் எண்ணிக்கை 100 கோடி. மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். எடை கூடவில்லை, பொருள் மாறவில்லை, காற்றைத் தழுவும் பரப்பு மட்டும் ஆயிரம் மடங்காயிற்று. அத்துகள்கள் காற்றில் மிதக்கும்போது ஒவ்வொன்றையும் பிராணவாயு சூழ்ந்து நிற்கும். ஒரு துகள் பற்றினால் அடுத்தது பற்றும். அது மூன்றாவதைப் பற்றவைக்கும். இவ்வாறு நூறு கோடித் துகள்களும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எரிந்துவிடுகின்றன.

தெருக்கூத்துப் பார்த்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. சினங்கொண்ட பாத்திரம் அரங்கிற் புகும்போது, எரியும் பந்தத்தின்மீது குங்கிலியப் பொடியை வீசுவர். உடனே பெருஞ்சுடர் பொங்கி எழும். குங்கிலியக் கட்டியைத் தணலில் இட்டால் புகைதான் வரும். பொடியாக்கி வீசினால் தீப்பந்து எழும். திறந்தவெளியிற் பொங்கிய அச்சுடர் மேலே சென்று மறைந்துவிடுகின்றது. அதே சுடர் மூடிய அறையினுள் எழுந்தால், சூடேறிய காற்று விரிய இடமின்றிச் சுவரை மோதும். தூசி வெடிப்பு என்பது இதுவே.

ஆகவே அவ்வெடிப்பு நிகழ ஐந்து பொருத்தங்கள் வேண்டும்: எரியத்தக்க தூசி, பிராணவாயு, தூசி காற்றிற் பரவி மிதத்தல், அதனை அடைத்து நிற்கும் இடம், தீப்பொறி. ஐந்தில் ஒன்றை நீக்கினாலும் வெடிப்பு நிகழாது. தானிய மாவு, சர்க்கரை, மரத்தூள், நிலக்கரித்தூள், அலுமினியத் தூள் முதலிய பலவும் எரியத்தக்க தூசிகளே. வீட்டில் இனிப்புச் செய்யும் சர்க்கரையும் நுண்பொடியாகிக் காற்றிற் கலந்தால் வெடிமருந்துபோல் ஆகும் என்பது வியப்பன்றோ?

இவ்வுண்மையை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில், 1785 ஆம் ஆண்டு டிசம்பர் 14 ஆம் நாள் மாவுக்கிடங்கு ஒன்று வெடித்தது. சிறுவன் ஒருவன் விளக்கொளியில் மாவை அள்ளிக்கொண்டிருந்தான். பறந்த மாவு விளக்கின் சுடரிற் பற்றிக்கொண்டது. மொரோசோ என்னும் பிரபு அதனை ஆராய்ந்து எழுதிவைத்தார். 1844 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 95 பேர் மாண்டனர். அதனை ஆராய அனுப்பப்பட்டோருள் ஒருவர் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் பாரடே. சுரங்க வாயுவோடு நிலக்கரித் தூசியும் அக்கேட்டிற் பங்குகொண்டது என அவரும் அவருடன் சென்ற சார்லஸ் லையலும் எடுத்துக்காட்டினர். எனினும் அவ்வறிக்கை பலகாலம் போற்றப்படவில்லை. 1878 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிலிருந்த மாபெரும் மாவு ஆலை வெடித்து 18 பேர் உயிரிழந்தபோதுதான், மாவும் மனிதரைக் கொல்லும் என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

ஆலையின் காற்றில் தூசி மிதக்கலாகாது. வெடிப்புக்கு அஞ்சி மட்டுமன்று. நாள்தோறும் அதனைச் சுவாசிக்கும் தொழிலாளரின் நுரையீரல் கெடும். பஞ்சுத்தூசியை நெடுங்காலம் சுவாசித்தவர்க்கு மார்பு இறுக்கமும் மூச்சுத்திணறலும் உண்டாதல் மருத்துவர் அறிந்ததே. ஆதலின், தூசி எழும் ஒவ்வோர் இயந்திரத்தின்மீதும் குழாயின் வாயை வைத்து, வலிய விசிறியினால் தூசியை உறிஞ்சி, ஓரிடத்தில் சேர்க்கும் அமைப்பு ஏற்பட்டது. அதன் முடிவில் உள்ள பெரிய கலத்தைத் தூசி திரட்டி எனலாம். அதனுள் நீண்ட துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும். தூசியோடு வந்த காற்று துணியின் வழியே வடிந்து தூயதாய் வெளியேறும். தூசி துணிமேற் படியும். அவ்வப்போது அழுத்தக் காற்றை உட்செலுத்திப் பைகளை உதறுவர். படிந்த தூசி கீழேயுள்ள கூம்பில் விழும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. ஆலை முழுவதும் சிதறிக்கிடந்த தூசி ஒரே கலத்தில் வந்து குவிந்தது. விசிறி இடைவிடாது காற்றை ஊட்டுகின்றது. பைகளை உதறும்போதெல்லாம் தூசி மேகம்போல் எழுகின்றது. கலமோ நாற்புறமும் மூடியது. ஐந்து பொருத்தங்களுள் நான்கு அங்கே எப்பொழுதும் கூடியே நிற்கின்றன. வரவேண்டியது ஐந்தாவது ஒன்றுதான், அதுவே பொறி. நுரையீரலைக் காக்க அமைத்த கருவி, காவலின்றி விடப்பட்டால், உயிரையே வாங்கும் இடமாகிவிடும்.

சீன நாட்டுக் குன்சான் நகரில் நேர்ந்த கேடு இதற்குச் சான்று. அங்கே கார்ச்சக்கரங்களின் அலுமினிய வட்டுகளை மெருகேற்றும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மெருகேற்றும்போது பறந்த அலுமினியத் தூள் தூசி திரட்டியிற் சேர்ந்தது. அது முறையாக அகற்றப்படவில்லை. ஈரம்பட்ட தூள் தானே சூடேறிப் பற்றியது. 2014 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் காலையில், வேலை தொடங்கிய சிறிது நேரத்திற்குள் பெருவெடிப்பு நிகழ்ந்தது. அன்றும், தீப்புண்ணால் வருந்திப் பின்னரும் இறந்தோர் தொகை 146. அவர்களுட் பலர் அன்றாட ஊதியத்திற்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்கள்.

தமிழ்நாட்டில் இவ்வாபத்தை நெடுங்காலமாக அறிந்தவர்கள் நூற்பாலைத் தொழிலாளர்கள். கோயம்புத்தூரில் 1888 ஆம் ஆண்டு முதல் நூற்பாலை தோன்றிற்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் முதற்பகுதியை ஆலையில் ‘புளோரூம்’ என்பர். அங்கே வேகமாகச் சுழலும் முள் உருளைகள் பஞ்சை அடித்துப் பிரிக்கின்றன. பொதியைக் கட்டிய தகட்டின் துண்டோ, ஆணியோ, சிறு கல்லோ பஞ்சில் மறைந்து வந்து உருளையில் மோதினால் பொறி பறக்கும். அப்பொறி பஞ்சோடு குழாயினுள் ஓடும். ஆதலின் இரும்பைப் பிடிக்கும் காந்தங்களை வழியில் வைப்பர். எனினும் காந்தத்திற்கு அகப்படாத கல்லும் உண்டு. பொறி பிறக்க வேறு காரணங்களும் உள. எண்ணெய் வற்றிய தாங்கி தேய்ந்து சிவக்கலாம்; நழுவும் வார்ப்பட்டை உராய்ந்து எரியலாம்; குழாயின் அருகே பற்றவைப்பு வேலை நடக்கலாம்; உராய்வினாற் பிறந்த மின்சாரம் நிலத்திற்கு இறங்க வழியின்றித் தாவலாம். எல்லாப் பொறிகளையும் பிறவாமல் தடுப்பது அரிது. ஆகவே பிறந்த பொறியை வழியிலேயே கண்டு அவிக்கவேண்டும்.

அதனை எவ்வாறு காண்பது? புகையைக் கண்டு அறிவிக்கும் கருவி இங்கே பயன்படாது. குழாயினுள் வீசும் காற்று புகையைக் கலைத்துவிடும். புகை காணுமளவு சேர்வதற்குள் பொறி கலத்தினுட் புகுந்துவிடும். வெப்பமானியும் பயன்படாது, கடுகளவு பொறி ஒன்று அத்துணைக் காற்றையும் சூடாக்காது. பொறி தானே வெளிவிடும் கதிர்தான் அதனைக் காட்டிக்கொடுக்கவல்லது. சூடான பொருள் ஏறக்குறைய 500 பாகை சென்டிகிரேடைக் கடந்த பின்னரே கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றும். அதற்குக் குறைந்த சூட்டிலும் அது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகின்றது. 1800 ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளியில்லாத அவ்விடத்திலும் வெப்பமானி ஏறிற்று. அகச்சிவப்புக் கதிர் அவ்வாறே அறியப்பட்டது.

மங்கிய ஒளியைக் காண இருட்டு வேண்டும். ஜவ்வாது மலைத்தொடரிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரை வானநூலறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததும் அதன் இருண்ட, தெளிந்த வானத்தைக் கருதியே. 1986 ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கி நிற்கும் அங்குள்ள தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. எண்ணற்கரிய தொலைவிலுள்ள விண்மீனின் மெல்லொளியை அது திரட்டித் தர, ஒளியுணரும் கருவி அதனை மின்குறியாக மாற்றுகின்றது. ஆலைக் குழாயும் உள்ளே இருள் நிறைந்தது. அவ்விருளின் விளிம்பில் விரல்நுனி அளவுள்ள ஒளியுணரி ஒன்று பொருத்தப்படுகின்றது. பொறி கடக்கும்போது எழும் கதிர் அதன்மேற் பட்டதும் மின்குறி பிறக்கின்றது. தூசி நடுவே மறைந்து ஒரு பொறியும் தப்பாவண்ணம் இருபுறமும் எதிரெதிராக இரண்டு உணரிகளை வைப்பர்.

உணரி கண்டால் மட்டும் போதாது. நீர் சரியான இடத்தில் வந்து சேரவேண்டும். இங்கே எளிய கணக்கு ஒன்று உண்டு. குழாயில் காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்க. பொறியும் அவ்வேகத்திலேயே ஓடும். உணரி பொறியைக் காண ஆகும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே. ஆனால் நீர்வாயில் திறந்து, நீர் தூவாணமாய்க் குழாயை நிறைக்க ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். அந்நேரத்திற் பொறி 20 × 0.3 = 6 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே நீர்த்தூவிகளை உணரியினின்று 6 மீட்டருக்கு அப்பால் அமைத்தல் வேண்டும். மூன்று மீட்டரில் அமைத்தால், வெள்ளம் போனபின் அணை கோலியது போல, பொறி கடந்தபின் நீர் வரும். தூவிகளுக்கு அப்பாலும் சிறிது தொலைவு கழித்தே தூசி திரட்டி நிற்கவேண்டும். நீர் சில வினாடிகளே தூவப்படும். பின்னர் பொறி வாராவிடின் தானே நின்றுவிடும். நீர் சிறிதே செலவாவதாற் பைகள் நனைந்து கெடுவதில்லை; ஒரு பொறிக்காக ஆலையை நிறுத்தவும் வேண்டுவதில்லை.

அக்கருவி எண்ணவும் அறியும். ஒன்றிரண்டு பொறிகள் வந்தால் அவித்துவிட்டு அறிவிப்பு மட்டும் செய்யும். சிறிது நேரத்திற்குள் பொறிகள் தொடர்ந்து வந்தால், எங்கோ ஒரு தாங்கி சிவந்திருக்கவேண்டும் அல்லது ஓரிடத்தில் தீ மூண்டிருக்கவேண்டும் என்பது பொருள். அப்போது அது மணியடித்து விசிறியையும் இயந்திரத்தையும் நிறுத்திவிடும்.

எல்லா ஆலைக்கும் நீர் பொருந்துவதில்லை. புளோரூமில் ஓடுவது நூலாகவேண்டிய பஞ்சு, அதனை நனைக்கலாகாது. ஆதலின் அங்கே குழாயினுள் ஒரு மடிப்புக் கதவு வைப்பர். உணரி பொறியைக் கண்டதும் கதவு திரும்பி, பொறியிருக்கும் பஞ்சை மட்டும் பக்கத்திலுள்ள தனிப்பெட்டியில் தள்ளிவிடும். தீயை அங்கே அணைத்துக்கொள்ளலாம். அலுமினியம், மக்னீசியம் முதலிய உலோகத் தூளுக்கோ நீர் பகையாகும். அவை நீரோடு கூடி, எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அத்தகைய ஆலைகளுக்கு வேறு முறைகள் வேண்டும். நெருப்பென்று கண்டதும் நீரை ஊற்றுவது எங்கும் பொருந்தாது; எரிவது யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

முதற்காவல் தவறினால் இரண்டாங்காவலும் உண்டு. தூசி திரட்டியின் ஒரு பக்கத்தில் மெல்லிய தகட்டு வாயில் அமைப்பர். உள்ளே அழுத்தம் ஏறத்தொடங்கியதும் அது கிழிந்து, சுடரை மனிதர் நடமாடாத திசையில் வெளியேற்றும், கலம் சிதறாது. சில கலங்களில், அழுத்தம் ஏறுவதை உணர்ந்ததும் சமையற் சோடா போன்ற பொடியைப் பீச்சி, வளரும் சுடரை அடக்கிவிடும் கருவியும் உண்டு. சுடர் குழாய் வழியே ஆலைக்குள் திரும்பி ஓடாதபடி தடுக்கும் கதவுகளும் உள்ளன.

இத்தனை இருந்தும், இயந்திரத்தால் ஆகாத வேலை ஒன்று உண்டு. 2008 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்னுமிடத்திலிருந்த சர்க்கரை ஆலை வெடித்தது; 14 பேர் இறந்தனர். முதல் வெடிப்பு மூடிய பட்டைப்பாதை ஒன்றினுள் நிகழ்ந்தது. அதன் அதிர்ச்சியால், தரையிலும் விட்டங்களிலும் நெடுநாளாகப் படிந்திருந்த சர்க்கரைத் தூசி உதிர்ந்து காற்றில் எழுந்தது, அதுவும் பற்றியது. அந்த இரண்டாம் வெடிப்புகளே ஆலை முழுவதும் ஓடி அழிவை விளைத்தன. ஒரு மில்லிமீட்டர் கனமுங்கூட இல்லாத தூசிப் படலம் பரந்த இடத்திற் படிந்திருந்தாலே இக்கேட்டிற்குப் போதுமானது. தூசி திரட்டியின் குழாயை எத்துணைக் கண்கள் காத்தாலும், விட்டத்தின்மேற் படிந்த தூசியை அவை காணமாட்டா. அதனைக் காண்பது மனிதக் கண். அகற்றுவது மனிதக் கை. அகற்றும்போதும் தூசியைக் கிளப்பாதவாறு உறிஞ்சி எடுக்கவேண்டும். காற்றை ஊதித் துரத்துதல் கூடாது.

மற்றுமொரு கேடு மனிதனிடமிருந்தே வருவது. உணரியின் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் அது குருடாகும். நீர்த்தொட்டி வற்றினால் தூவி ஊமையாகும். அடிக்கடி மணியடித்து ஆலையை நிறுத்துகின்றதே என்று சினந்து, உணரியின் இணைப்பை எடுத்துவிட நினைப்போரும் உளர். நின்ற இயந்திரத்தால் ஒரு மணி நேர உற்பத்தி குறையலாம். ஆனால் மணி அடித்ததன் காரணத்தைத் தேடாமல் மணியை அடக்குவது, காவல் நாய் குரைக்கின்றதென்று அதன் வாயைக் கட்டுவதை ஒக்கும். பொறி ஏன் வந்தது, தாங்கிக்கு எண்ணெய் இட்டாரா, காந்தத்தைத் துடைத்தாரா என்று கேட்டறிவதே அறிவுடைமை. இந்திய நாட்டில் 1948 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், தன் 37 ஆம் பிரிவில் இதற்கு வழி வகுத்தது. வெடிக்கத்தக்க தூசி எழும் இயந்திரத்தை மூடிவைத்தல், தூசி சேராமல் அகற்றுதல், பொறி பிறக்கும் வாயில்களை விலக்குதல் ஆகியவற்றை அது ஆலையுடையோரின் கடமையாக்கிற்று. கடமை முதலில் உடையோரைச் சார்ந்தது. எனினும் ஆபத்தின் இயல்பை அறிந்துவைத்திருத்தல் உழைப்போருக்கும் உரிய பாதுகாப்பாகும்.

புதூர்நாடு போன்ற மலையூர்களிலிருந்தும், சமவெளிச் சிற்றூர்களிலிருந்தும் பிழைப்பை நாடி ஆலைகளுக்குச் செல்லும் இளைஞர் பலர். மாதந்தோறும் அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஒவ்வோர் ஊரிலும் ஒரு குடும்பம் இருக்கின்றது. சருகில் விழுந்த பொறியை மிதித்து அணைக்க அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆலையிலோ சருகு தூசியாய் மாறி நிற்கின்றது. பொறி குழாயினுள் மறைந்து ஓடுகின்றது. பழகிய கண்ணும் அதனைக் காணாது. அவ்விடத்தில் அறிவே அவர்களுக்குக் கண்ணாகவேண்டும். “இந்தத் தூசி எரியுமா? இந்த உணரியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?” என்று வேலையிற் சேர்ந்த முதல்நாளிலேயே கேட்கும் தொழிலாளி தன் உயிரோடு, தன்னருகே நிற்பவர்களின் உயிரையும் காத்துக்கொள்கிறான். அக்கேள்விக்கு முகஞ்சுளிக்காமல் விடை கூறி, தொட்டியையும் உணரியையும் அழைத்துச் சென்று காட்டும் மேற்பார்வையாளர் அந்த ஆலைக்குக் கிடைத்த செல்வமாவார்.